ஆறக்கூடாத புண்

கறிக்கடைக்காரன் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த அன்று, அவள் இடது கையில் சுற்றியிருந்த துண்டைப் பிழிந்தால் அரைச் சொம்பு ரத்தம் தேறியிருக்கும். வெட்டுப்பட்டது அவள், பேசியதெல்லாம் அவன்.

"வழுக்கிடுச்சு டாக்டர். கறி வெட்டும்போது கை தவறி தன்னைத்தானே வெட்டிக்கிட்டா. நின்னு நிதானமா செய்டின்னா கேக்கறதில்ல."

டாக்டர் தையல் போட்டார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த அறைக்கு ராஜா கட்டுக்காரர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவதுதான் அவர் வேலை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் கட்டுக்காரர்தான். கருகிய முதுகு, நசுங்கிய விரல், நாய் பிடுங்கிய கெண்டைக்கால் என்று பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. வழுக்கிய கத்தி விரலை வெட்டும், உள்ளங்கையை வெட்டும். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, வெளிப்புறத்தில் குறுக்காக விழும் வெட்டு, முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கியவர்களுக்கு மட்டுமே விழும். இவளுக்கு விழுந்திருந்தது அந்த வெட்டு.

அவர் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை வேறொரு பெண்ணுக்காக வாயைத் திறந்து, அவளைக் கட்டிய மகராசன் அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டு மிதித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், இத்தனை வருஷமாகக் கட்டுத்துணியை இறுக்கி முடிச்சுப் போடுவதில் காட்டிக்கொண்டிருந்தார்.

கட்டி முடித்ததும் மருந்துச் சீட்டை அவளிடம் நீட்டி, "எந்த மாத்திரை எத்தனை வேளைன்னு ஒரு தடவை படிச்சிடும்மா" என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. படிக்கத் தெரியாத பெரியவர்கள் யாரும் 'படிக்கத் தெரியாது' என்று சொல்வதில்லை. காலில் ஆணி ஏறினாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளைகூட அதைச் சொல்லமாட்டான். "கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்" என்பான். வாழ்நாளில் கண்ணாடியே போடாதவனும் அதைத்தான் சொல்வான். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் அம்மா, பக்கத்திலிருந்த பிசியோதெரபி அறையில் மதிய வேளைகளில் எழுத்து வகுப்பு நடத்திவந்தார். ஆள் பிடித்துக்கொடுப்பது கட்டுக்காரரின் பொறுப்பு. யாராவது கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னால், அவர் கதவுப் பக்கம் திரும்பி, "மேடம், கண்ணாடி ஒண்ணு" என்று குரல் கொடுப்பார். அந்த அம்மா வந்து, 'கையை நீட்டி மடக்கப் பயிற்சி' என்று நாசூக்காகக் கூட்டிப்போய்விடுவார். அந்த அம்மாவுக்கே அதனால் கண்ணாடி மேடம் என்று பெயர் வந்தது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும் என்பது வேறு விஷயம்.

அவள் கண்ணாடியைப் பற்றிச் சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. கறிக்கடைக்காரன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"அவ கைல போய் குடுக்கறீங்களே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று சிரித்துவிட்டு, அவள் பின்னந்தலையில் விளையாட்டுப் போல ஒன்று வைத்தான். தலை மேசைக் கம்பியில் இடித்தது. அவள் அழவில்லை. 

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்தார் கட்டுக்காரர். முதல் இரண்டு முறை அவனும் கூட வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டினான், கொட்டாவி விட்டான், வரிசையைத் திட்டினான். காலை வியாபாரம் முடிந்து மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிற ஆள் அவன். தூக்கம் போச்சே என்ற எரிச்சலில் மூன்றாம் முறை அவளைத் தனியாக அனுப்பிவிட்டான்.

அன்று அவள் முதல்முறையாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, இது ஆறுறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"நல்ல ரத்தம் உனக்கு. சீக்கிரமே ஆறிடும்."

"சீக்கிரம்னா... ஒரு மாசம்?"

"அட, அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும். ஏன் தங்கச்சி, கவலைப்படற?"

அவள் முகம் விழுந்துவிட்டது. எல்லோரும் சீக்கிரம் ஆறினால் சந்தோஷப்படுவார்கள். இவளுக்கு என்ன என்று அவர் கிளறக் கிளற, அவள் கீழே பார்த்தபடி சொன்னாள். இந்தக் கை வெட்டுப்பட்ட கதையே ஒரு பஸ்ஸில் ஆரம்பித்திருந்தது.

அவளுக்கு வேறு ஊரில் ஓர் அக்கா இருந்தாள். 'எப்ப வேணா வா, கேள்வி கேக்க மாட்டேன்' என்று சொல்லியிருந்த அக்கா. ஒருநாள் இவள் கடைக்குப் பின்புறமாகக் கிளம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். எந்த பஸ் என்று தெரியவில்லை. பலகையில் இருந்தது அவளுக்கு எழுத்தாகத் தெரியவில்லை, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நின்றிருந்த கண்டக்டரிடம் கேட்டாள். "இதுதாம்மா, ஏறு" என்று கனிவாக ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துச் சத்தம் வராமல் அழுதுகொண்டே போனாள். விட்டது சனி என்று நினைத்தாள். பஸ் போய்க்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்தபோது நின்றது. இறங்கினால், எதிரே அவள் புருஷனின் கடை.

அது ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வருகிற பஸ். கண்டக்டர் அவள் புருஷனோடு உட்கார்ந்து குடிக்கிறவன். ஏற்றிவிட்ட கையோடு போன் போட்டுச் சொல்லியும் விட்டான். புருஷன் கடை வாசலிலேயே காத்திருந்தான். கையில் அன்றைக்குச் சாணை பிடித்த கத்தி இருந்தது.

"எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அந்த கண்டக்டர் சிரிச்சான்ணே" என்றாள். "இனிமே யாரையும் கேக்கக் கூடாது. கேட்டா அவருக்குப் போயிடும். நானே படிச்சு ஏறணும்."

கட்டுக்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். "மேடம், கண்ணாடி ஒண்ணு" என்று வழக்கம் போலச் சொல்லப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். எழுந்துபோய் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பிசியோதெரபி அறையில் கப்பியும் கயிறும் தொங்கும். சுவரோரம் இரும்பு டம்பெல்கள் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக இருக்கும். நடுவே கட்டிலில் உட்கார்ந்து, காலில் மாவுக்கட்டுப் போட்ட காவலாளியும், தோள் இறங்கிய சுமைதூக்கியும், வெந்நீர் கொட்டிக்கொண்ட சமையல்காரம்மாவும் சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் 'நீயுமா' என்று கேட்கக் கூடாது, வெளியே பார்த்தால் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது கண்ணாடி மேடத்தின் சட்டம்.

மேடம் முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். அவள் ஒப்பவில்லை.

"எனக்கு எல்லாம் வேணாம் மேடம். அக்கா ஊர் பேரு மட்டும் போதும். முதல்ல அது."

அக்காவின் ஊர்ப் பெயருக்கு ஐந்து எழுத்து. இரண்டாவதற்குக் கொம்பு உண்டு, நான்காவதற்குத் தலையில் புள்ளி. வலது கையால் சிலேட்டில் அழுத்தி அழுத்தி எழுதினாள். அழுத்தியதில் சிலேட்டுக் குச்சிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. "மெதுவா எழுதும்மா, சிலேட்டு என்ன உன் வீட்டுக்காரரா?" என்றாள் சமையல்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கட்டுக்காரர் கதவோரம் நின்று அதைப் பார்த்தார்.

வீட்டில் புருஷனிடம், 'வரிசை ரொம்ப நீளம், கட்டு மாத்த நேரமாகுது' என்று சொல்லிவைத்தாள். கொட்டாவி விட்டு வரிசையைத் திட்டியவன் அதை நம்பினான்.

அவள் மூன்று எழுத்து கற்றபோது புண் முக்கால்வாசி ஆறிவிட்டது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு கட்டுக்காரர், "இன்னும் ரெண்டு கட்டு. அப்புறம் இந்தப் பக்கமே வர வேணாம்" என்று வாய் நிறையச் சொன்னார். பாவி மனுஷன், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்தமுறை கட்டைப் பிரித்தபோது புண் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சேர்ந்த தோல் மறுபடி அறுந்து, துணி முழுக்க ரத்தம் ஊறியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"இடிச்சுக்கிட்டேன்."

கட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று வேலை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் காலாலும் கெட்டார்.

கடையில் கொக்கியில் தொங்கிய உடல்களுக்கு நடுவே கறிக்கடைக்காரன் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். மரக்கட்டையில் கத்தி விழும்போதெல்லாம் எலும்புத்தூள் தெறித்தது. பின்னால் தரையில் உட்கார்ந்து அவள் ஒற்றைக் கையால் குடல் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கையில மறுபடி கைய வச்சியா?" என்று கேட்டார் கட்டுக்காரர்.

கத்தி நிற்கவில்லை. "யாரு, நானா? அந்தக் கை ஆறினாதான்யா எனக்கு வேலை ஆகும். ரெண்டு கையால செய்யற வேலைய இவ ஒரு கையால செஞ்சுக்கிட்டிருக்கா. நானே போய் என் வியாபாரத்துல மண்ணைப் போட்டுப்பேனா?"

அவன் சொன்னது நியாயமாக இருந்தது. அது கட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அயோக்கியன் உண்மை பேசினால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

கத்தி இப்போது நின்றது. "அது சரி, என் பொண்டாட்டி கையைப் பத்திக் கேக்க ஆஸ்பத்திரியிலேருந்து கடை தேடி வர்ற அளவுக்கு உங்களுக்கு என்ன அக்கறை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பி, கத்தியின் தட்டையான பக்கத்தால் அவள் கன்னத்தில் அறைந்தான். சத்தம் கட்டையில் கறி விழுகிற மாதிரி இருந்தது. குடல் பாத்திரம் கவிழ்ந்தது. அவள் உதட்டிலிருந்து வழிந்தது அவள் ரத்தமா ஆட்டு ரத்தமா என்று தெரியாமல் கட்டுக்காரர் நின்றார். ஓர் அடி முன்னால் வைத்தார். "வாங்க, வாங்க" என்று அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்தான். அவள் தரையிலிருந்து அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். போய்விடுங்கள் என்று அதற்கு அர்த்தம். அவர் போனார். வழிநெடுக வெட்கத்தில் உடம்பு எரிந்தது.

அடுத்த கட்டுக்கு வந்தபோது புண் மீண்டும் பிளந்திருந்தது. இந்தமுறை கட்டுக்காரர் எதையும் கேட்காமல் விளக்கை இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பெரிய பிளவின் ஓரத்தில், மயிரிழை போலச் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. கத்தியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, பல்லைக் கடித்து இழுத்த கீறல்கள். அடிக்கிறவன் இப்படித் தயங்கமாட்டான். தன்னைத் தானே அறுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தயக்கம் வரும்.

"நீயா?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீயா பண்ணின?"

"ஆறிட்டா விட மாட்டாருண்ணே. இது இருக்கற வரைக்கும்தானே நான் வெளிய வர முடியும்? இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு."

"எதால அறுத்த?"

"எலும்பு சீவற கத்தி. நல்லா கழுவிட்டுதான்..."

கட்டுக்காரர் கையிலிருந்த இடுக்கியைச் சுவரில் வீசினார். அது தெறித்து விழுந்து சுழன்றது. அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எத்தனையோ புண்ணை ஆற்றிய கை அது. ஆறியதற்காக ஒருத்தி தண்டனை அனுபவிப்பாள் என்று யார் கண்டார்கள்? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

"இனிமே கத்தியைத் தொட்டா நான் கட்டுப் போட மாட்டேன். புண்ணை ஆற விடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

புண் ஆறியது. ஆனால் கட்டு நிற்கவில்லை. ஆறிய கைமேல் அவர் மருந்து தடவி, பஞ்சு வைத்து, அயோடினைச் சீழும் ரத்தமும் கலந்த நிறத்தில் ஊறவிட்டு, மேலே புதுத்துணி சுற்றினார். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அதைப் பார்த்தால் எந்த டாக்டரும் மூக்கைச் சுளித்திருப்பார், அவ்வளவு அசலாகச் செய்தார். நான்காவது எழுத்தும் வந்தது, தலையில் புள்ளியோடு. ஐந்தாவதும் வந்தது. அன்று சமையல்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். மேடம் காகிதத்தில் பத்துப் பதினைந்து ஊர்ப் பெயர்களை எழுதிக் கலைத்துப் போட்டுக் காட்ட, அவள் ஒவ்வொரு முறையும் அக்கா ஊரின்மேல் விரலை வைத்தாள். ஊரைச் சுற்றும் பஸ்ஸின் பலகையையும் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இந்த நாயை நான் மறக்கக் கூடாது மேடம்" என்றாள்.

அடுத்தமுறை வரும்போது வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறிவிடுவது என்று முடிவானது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரிலேயே நிறுத்தம் இருந்தது.

அடுத்தமுறை அவள் வந்தாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். கட்டு போடும் அறைக் கதவை அவன் உதைத்த உதையில் கீல் பெயர்ந்தது. அவளைக் கருவிகள் வைத்த மேசைமேல் எறிந்தான். தட்டும் கத்தரிக்கோலும் கண்ணாடிக் குப்பிகளும் தரையெங்கும் சிதறின. அவள் கையில் அறுந்த கட்டுத்துணி வால்போலத் தொங்கியது. அதற்கடியில் தழும்போடு, முழுசாக, அழகாக ஆறிய கை தெரிந்தது.

"பொறந்ததுலேருந்து கறி வெட்டறவன்டா நான்" என்றான். குரல் உயரவே இல்லை. "புண்ணு மாசக்கணக்கா ஆறலைன்னா எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுக்கறா, மருந்து வாசனை மட்டும் அடிக்குது. என் மூக்கையே ஏமாத்தப் பாத்தியா?"

கட்டுக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. நிறத்தை அசலாகச் செய்தவர் நாற்றத்தை மறந்துவிட்டார். சீழ் பிடித்த துணியை அறையில் வைத்திருப்பதே கேவலம் என்று நினைக்கிற சுத்தக்காரர் அவர். அந்தச் சுத்தமே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சொல்லுடா, மத்தியானமெல்லாம் என் பொண்டாட்டிகூட இங்க என்ன பண்ணின?"

இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது. கட்டுக்காரர் பேச வாயெடுப்பதற்குள் அது இறங்கியது. அவர் முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினார். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, வெளிப்புறத்தில், குறுக்காக விழுந்தது. முதலில் வலிக்கவில்லை. எலும்பில் கத்தி முட்டிய சத்தம்தான் கேட்டது. பிறகு வலி வந்தது, கால் மடங்கி அவர், நோயாளிகளைப் படுக்கவைக்கும் இரும்புக் கட்டிலோரம் சரிந்தார்.

இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவு வழியாக வகுப்பே ஓடிவந்தது. காவலாளி ஊன்றுகோலை நீட்டி அவன் நெஞ்சில் இடித்தான். கறிக்கடைக்காரன் மாவுக்கட்டுக் காலில் ஓர் உதை விட்டான், காவலாளி அலறிக்கொண்டு விழுந்தான். சுமைதூக்கி ஒற்றைக் கையால் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடிக்கப் பார்த்தான். இறங்கிய தோளில் ஒரு குத்து விழுந்தது, அவனும் சுருண்டான். கத்தி மறுபடி உயர்ந்தது. இந்தமுறை கட்டுக்காரரால் கையைத் தூக்க முடியவில்லை.

கத்தி இறங்கவில்லை. அதற்கு முன்னால் டம்பெல் இறங்கியது.

அவள் எப்போது எழுந்தாள், எப்போது பக்கத்து அறைக்குப் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த பெரிய டம்பெல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்திருந்தாள். ஆறிய கை உதவியது. அவன் மணிக்கட்டில் விழுந்த அடியில் எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. கத்தி தரையில் விழுந்தது. அவன் மண்டியிட்டான். இரண்டாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் அடித்தாள், அதே இடத்தில். மூன்றாவதுக்கு ஓங்கியபோது மேடம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அம்மா" என்று கறிக்கடைக்காரன் குழந்தை மாதிரி அழுதான். ஊருக்கெல்லாம் வலி கொடுத்தவனுக்கு அது என்ன ருசி என்று இன்றுதான் தெரிந்தது.

"போலீஸுக்கு ஆள் போயிருக்கு. நீ இரு, நடந்ததை எல்லாம் சொல்லலாம்" என்றார் மேடம்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "ஸ்டேஷனுக்குக் கறி எங்க கடையிலேருந்துதான் மேடம் போகுது."

மேடம் பிடியைத் தளர்த்தினார். அவள் கட்டுக்காரர் பக்கத்தில் குனிந்தாள். அவர் கையைப் பார்த்தாள், தன் கையையும் பார்த்தாள். "அண்ணே" என்றாள்.

"அஞ்சு எழுத்தும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஓடற பஸ்ல படிச்சதில்லையே நீ."

"இல்ல."

"நிக்கும்போது படி. போ."

அவள் முகத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். தொங்கிய கட்டுத்துணியை உருவித் தரையில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

கறிக்கடைக்காரன் பார்த்துவிட்டான். "ஏய், எங்கடி போற?" என்று எழப் பார்த்தான். அப்போது கட்டுக்காரர், ரத்தம் வழியும் கையோடு, தன் பழைய வேலைக் குரலில் சொன்னார்.

"அசையாத. உடைஞ்ச எலும்பு உள்ள நரம்புக்குப் பக்கத்துல நிக்குது. எழுந்து நாலடி வச்சேன்னா நரம்பு அறுந்துடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கத்தி பிடிக்க முடியாது."

அது பொய்யா மெய்யா என்று அவருக்கே தெரியாது. ஆனால் கையின் அருமை தெரிந்தவன் கறிக்கடைக்காரன். எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்தது.

"அப்ப சீக்கிரம் கட்டுய்யா."

சமையல்காரம்மா ஒரு துண்டை எடுத்துக் கட்டுக்காரரின் வெட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றாள். "கூப்பிடலாம், இரும்மா" என்றார் அவர். மேடத்திடம் பஞ்சையும் கட்டுத்துணிச் சுருளையும் எடுத்துத் தரச் சொன்னார். கறிக்கடைக்காரனின் கையைக் கட்டில் கம்பியின்மேல் நீட்டி வைத்தார். அது ஜன்னலோரக் கட்டில். அங்கிருந்து எதிர் நிறுத்தம் நன்றாகத் தெரிந்தது. அவள் அங்கே தனியாக நின்றிருந்தாள்.

அவர் ஒற்றைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று, நீவி விட்டு, அடுத்த சுற்று. ஆஸ்பத்திரியிலேயே வேகமாகக் கட்டுப் போடுகிறவர் என்று பெயர் எடுத்தவர், வாழ்நாளில் இவ்வளவு மெதுவாகச் சுற்றியதில்லை. அவர் கையிலிருந்து சொட்டிய ரத்தம் வெள்ளைத் துணியில் பரவியது. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிய கண்டக்டர் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கையை ஆட்டி ஏதோ கேட்டான். எங்கே போக வேண்டும், ஏறு என்றுதான் கேட்டிருப்பான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அந்த நாயை அவள் மறக்கவில்லை. பஸ் போனது.

"என்னய்யா, கட்டறியா, இல்ல தூங்கறியா?" என்றான் கறிக்கடைக்காரன்.

"வரிசை நீளம்ப்பா" என்றார் கட்டுக்காரர்.

அடுத்த சுற்று கட்டில் கம்பியையும் சேர்த்துப் போனது. அதற்கடுத்ததும் அப்படியே போனது. மேடம் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சுருளை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். வலியில் கண்ணை மூடியிருந்த கறிக்கடைக்காரனுக்குத் தெரியவில்லை.

இன்னொரு பஸ் வந்தது. அவள் தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து அசைந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை. ஏறுடி, ஏறித் தொலைடி என்று கட்டுக்காரர் உள்ளுக்குள் கத்தினார். அவள் யாரையும் கேட்கவில்லை. விரலைத் தூக்கிக் காற்றில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். நான்காவதில் விரல் மேலே போய்ப் புள்ளி வைத்தது. ஐந்தாவதையும் தொட்டுவிட்டு அவள் படியில் காலை வைத்தாள்.

பஸ் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, மறைந்தது.

கறிக்கடைக்காரன் கண்ணைத் திறந்தான். கையை இழுத்துப் பார்த்தான். கட்டிலும் சேர்ந்து கிறீச்சிட்டது.

"முடிஞ்சுதாய்யா?" என்றான்.

கட்டுக்காரர் துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையைக் கையால் இழுத்து, கம்பியோடு சேர்த்து முடிச்சை இறுக்கினார்.

"இப்பதான் முடிஞ்சுது" என்றார்.